வாயிலை மூடுவது எப்படி?
பாம்பன் பாதையும் கணிப்பொறிச் சாக்கெட்டும்

1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இரவு 11 மணி 55 நிமிடம். பாம்பன் நிலையத்திலிருந்து 653ஆம் எண் பயணிகள் வண்டி தனுஷ்கோடியை நோக்கிப் புறப்பட்டது. பெட்டிகளில் 110 பயணிகள். அவர்களோடு ரயில்வே ஊழியர் ஐவர். வெளியே பேய்க்காற்று; இருபுறமும் கொந்தளிக்கும் கடல்.

தனுஷ்கோடியை நெருங்கும்போது கைகாட்டி வேலை செய்யவில்லை. வண்டி சிறிது நேரம் நின்றது என்றும், எதிர்முனையிலிருந்து எந்த அறிகுறியும் வராததால் ஓட்டுநர் நீண்ட ஊதல் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார் என்றும் அந்நிகழ்ச்சியைப் பற்றி எழுதியவர்கள் கூறுகின்றனர். நிலையத்தை அடையச் சிறு தொலைவே இருந்தபோது கடல் எழும்பி வண்டியை அப்படியே வாரிக்கொண்டது. வண்டியில் சென்ற ஒருவரும் பிழைக்கவில்லை. தந்திக் கம்பிகளும் அறுந்துபோனதால், இக்கொடுமையை வெளியுலகம் அறியவே இரண்டு நாட்கள் ஆயின.

இயற்கையின் இந்தச் சீற்றத்துக்கு ஒரு கைகாட்டியின் மீது பழி போட முடியாது. இருந்தாலும் அந்த இரவு நம் முன்னால் ஒரு கேள்வியை வைக்கிறது. வருவோரை ஏற்றுக்கொள்ளும் ஓர் இடம் ‘இனி வராதீர்கள்’ என்று சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டால், அதை எப்படிச் சொல்வது? முன்பே புறப்பட்டு வழியில் இருப்பவர்களை என்ன செய்வது? சொல்ல வேண்டியவனே மடிந்துவிட்டால் என்ன ஆகும்?

வாசகர்களே! ரயில்வேக்காரர்கள் 150 ஆண்டுகளாக விடை தேடிவரும் இதே கேள்வி, இன்று கணிப்பொறிக்கு நிரல் எழுதும் இளைஞர்களின் மேசை மீதும் இருக்கிறது. அங்கே அதற்குப் பெயர், ‘காத்திருக்கும் சாக்கெட்டை ஒழுங்காக மூடுதல்’. ஒரு கைகாட்டிக்கும் கணிப்பொறிக்கும் என்ன உறவு என்கிறீர்களா? படிப்படியாகப் பார்ப்போம்.

சாக்கெட் என்றால் என்ன?

நீங்கள் கைபேசியில் ரயில் டிக்கெட் முன்பதிவு செய்கிறீர்கள். உங்கள் வேண்டுகோள் எங்கோ தொலைவில் உள்ள ஒரு பெரிய கணிப்பொறியைச் சென்றடைகிறது. பலருக்கும் ஒரே சமயத்தில் பணிபுரியும் அந்தக் கணிப்பொறியை ‘செர்வர்’ என்பர். செர்வருக்குள் பல எண்ணிட்ட வாயில்கள் உண்டு. அவற்றில் ஒன்றைத் திறந்து வைத்து, ‘யாராவது வருகிறார்களா?’ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பொறியமைப்பே காத்திருக்கும் சாக்கெட்.

ஒரு நுட்பத்தை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். வாயிலில் காத்திருக்கும் சாக்கெட் வேறு. வந்தவரோடு பேசும் சாக்கெட் வேறு. ஒவ்வொருவர் வரும்போதும் அவருக்கென்று தனியே ஒரு புதிய சாக்கெட் பிறக்கிறது. வாயில் சாக்கெட்டோ அடுத்தவரை எதிர்பார்த்து அங்கேயே நிற்கிறது. ஆகவே வாயிலை மூடினாலும் உள்ளே நடக்கும் உரையாடல்கள் அறுந்துவிடுவதில்லை. ஒழுங்காக மூடும் வித்தை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

ரத்து செய்ய முடியாத செய்தி

இனி 1874ஆம் ஆண்டுக்குச் செல்வோம். இங்கிலாந்தில் நார்விச் நகருக்கு அருகே தார்ப் என்னுமிடத்தில் ஒற்றைத் தண்டவாளப் பாதை இருந்தது. ஒரு வண்டியை அனுப்பலாமா, நிறுத்தி வைக்கலாமா என்பதை இரு நிலையங்களும் தந்தி மூலம் பேசி முடிவு செய்தன. செப்டம்பர் 10ஆம் நாள் இரவு, எதிர்முனையிலிருந்த அஞ்சல் வண்டியை அனுப்பச் சொல்லும் செய்தி, அதிகாரி கையெழுத்திடும் முன்பே தந்தியில் போய்விட்டது. இதை அறியாமல் நார்விச்சிலிருந்து விரைவு வண்டியும் அனுப்பப்பட்டது. தவறு தெரிந்ததும் ‘அஞ்சல் வண்டியை நிறுத்து’ என்று தந்தி அடித்தார்கள். வண்டி புறப்பட்டுவிட்டது என்று மறுமொழி வந்தது. இரு வண்டிகளும் நேருக்கு நேர் மோதி 25 பேர் மாண்டனர்.

இங்கே தவறு எங்கே இருக்கிறது? செய்தி அனுப்புவதில் காட்டிய அவசரம் ஒரு தவறு. அதைவிட ஆழமான குறை, அனுமதியைத் திரும்பப் பெறும் வழி அந்த முறையில் இல்லாமல் போனதாகும். ‘வா’ என்ற சொல்லும் ‘வராதே’ என்ற சொல்லும் ஒரே கம்பியில் ஒன்றையொன்று துரத்தின. எது முந்தும் என்பதை எவராலும் சொல்ல முடியவில்லை.

எட்வர்ட் டையர் என்ற பொறியாளர் 1878இல் இதற்கு விடை கண்டார். ஒற்றைப் பாதையின் இரு முனைகளிலும் மின்கம்பியால் பிணைக்கப்பட்ட இரண்டு பெட்டிகள். அவற்றுள் வட்டத் தகடுகள். இரு நிலையத்தாரும் ஒத்துழைத்தால்தான் ஒரு தகடு வெளியே வரும். அது வெளியே இருக்கும்வரை மற்றொன்றை எடுக்க முடியாது. தகட்டைக் கையில் வைத்திருக்கும் ஓட்டுநர் மட்டுமே பாதையில் நுழையலாம். அடுத்த நிலையத்தில் தகட்டைப் பெட்டிக்குள் போட்ட பிறகுதான் பாதை காலியானதாகக் கருதப்படும். அனுமதியை ரத்து செய்ய வேண்டுமா? எடுத்த தகட்டை மறுபடியும் பெட்டிக்குள் போட வேண்டும். வாய்ச் சொல் செல்லாது.

நம் நாட்டு ஒற்றைப் பாதைகளிலும் இந்த வழியில் வந்த டோக்கன் முறை நெடுங்காலம் வழங்கியது. ஓடும் வண்டியிலிருந்து ஒரு கை நீள, நடைமேடையில் நிற்பவர் பிரம்பு வளையத்தை மாட்டிவிடும் காட்சியை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வளையத்தில் தொங்கிய பைக்குள் இருந்தது இந்த டோக்கன்தான்.

பாம்பன் பாலம் கற்பித்த வரிசைமுறை

1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், 145 கண்கள். நடுவே கப்பல்கள் செல்வதற்காக ஷெர்சர் முறையில் அமைந்த தூக்குப் பகுதி. அதன் இரு பாதிகளும் இருபுறமாக மேலெழும்பும். அவற்றை ஊழியர்கள் கையாலேயே இயக்கினர்.

இந்தத் தூக்குப் பாலத்தைத் திறப்பது என்பது ரயிலுக்கு வாயிலை மூடுவதாகும். எந்த வரிசையில் மூட வேண்டும் என்று சற்று எண்ணிப் பாருங்கள். முதலில் இரு முனைகளிலும் கைகாட்டியை ஆபத்து நிலையில் வைத்துப் புதிய வண்டி எதுவும் பாலத்தில் ஏறாமல் தடுக்க வேண்டும். பிறகு, ஏறிவிட்ட வண்டியை அக்கரை சேர விட வேண்டும். அது சேர்ந்துவிட்டது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அதன் பின்னரே பூட்டுகளை அகற்றித் தண்டவாளத்தை மேலே தூக்கலாம். இந்த நான்கில் எதை முன்பின்னாக மாற்றினாலும் விபத்துதான்.

காற்றுக்கும் பாம்பனில் ஒரு விதி உண்டு. காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டிகள் பாலத்தில் செல்லக் கூடாது. காற்றுமானி வேகத்தை அளந்து காட்ட, சைகை சிவப்புக்கு மாறும். ஆபத்து பாலத்தை எட்டும் முன்பே வாயில் மூடப்படுகிறது.

1964 புயலில் 126 கண்கள் அடித்துச் செல்லப்பட்டன. தூக்குப் பகுதி தப்பியது. சீரமைக்க ஆறு மாதம் ஆகும் என மதிப்பிட்டனர். மேலதிகாரி மூன்று மாதத்தில் முடிக்கச் சொன்னார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டில்லி மெட்ரோவையும் அமைத்துப் புகழ்பெற்றவர் அவர்தான். ஆனால் தனுஷ்கோடிக்குச் சென்ற பாதை மறுபடி உயிர் பெறவில்லை.

கணிப்பொறிகள் பேசத் தொடங்கின

அமெரிக்காவில் 1969இல் ‘அர்பாநெட்’ என்ற கணிப்பொறி வலை தோன்றியது. பலவகை வலைகளையும் ஒன்றோடொன்று இணைத்துப் பேச வைக்கும் விதிமுறையை விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்ற இருவர் 1974இல் வெளியிட்டனர். அதிலிருந்து வளர்ந்த ‘டி.சி.பி.’ விதிமுறையின் முழு வடிவம் ஜான் போஸ்டல் பதிப்பித்த ஆவணமாக 1981இல் வெளிவந்தது. 1983 ஜனவரி முதல் நாள் அர்பாநெட் முழுவதும் அவ்விதிமுறைக்கு மாறியது.

அதே 1983இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் ‘4.2 பி.எஸ்.டி.’ என்ற யூனிக்ஸ் தொகுப்பை வெளியிட்டது. சாக்கெட் என்ற கருத்து உலகெங்கும் பரவியது இதன் வழியாகத்தான். ‘லிஸன்’ என்ற கட்டளை வாயிலைத் திறக்கும், ‘அக்செப்ட்’ வந்தவரை உள்ளே அழைக்கும், ‘க்ளோஸ்’ மூடும். அழைக்கப்படும் முன் வாசலில் நிற்பதற்கு ஒரு வரிசையும் இருந்தது. அன்று அதன் மேல் எல்லை ஐந்தே ஐந்து! இன்று ஆயிரக்கணக்கில் நிறுத்திவைக்க முடிகிறது.

இந்தியாவில் 1986இல் ‘எர்நெட்’ திட்டம் தொடங்கியபோது அதில் சேர்ந்த முதல் எட்டு நிறுவனங்களுள் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 முதல்.

அவசரமாக மூடினால்

செர்வரில் நிரலை மாற்ற வேண்டியிருக்கிறது. பழைய நிரலை நிறுத்தியாக வேண்டும். மின்விசையை அணைப்பதுபோல் சட்டென்று நிறுத்திவிட்டால் என்ன? யாரோ ஒருவர் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்திய கணம் அதுவாக இருக்கலாம். வங்கியில் பணம் கழிந்திருக்கும், டிக்கெட் பதிவாகியிருக்காது. பாலத்தில் வண்டி இருக்கும்போதே தண்டவாளத்தைத் தூக்கியதற்கு ஒப்பானது இது.

சரி, வாயில் சாக்கெட்டை மட்டும் மூடினால் போதுமா? அதிலும் மூன்று சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, உறக்கம். ‘அக்செப்ட்’ கட்டளையிட்ட நிரல், யாராவது வரும்வரை அப்படியே உறங்கிக் கிடக்கும். வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் கடைக்காரரிடம் பின்கட்டிலிருந்து ‘கடையைச் சாத்துங்கள்’ என்று கூவினால் காதில் விழாததைப்போல, மூடச் சொல்லும் ஆணை அதற்கு எட்டுவதில்லை. லினக்ஸ் முறையில் நிரலின் ஒரு பகுதி சாக்கெட்டை ‘க்ளோஸ்’ செய்தாலும், அதே சாக்கெட்டில் உறங்கும் மற்றொரு பகுதி விழிப்பதில்லை. இதற்கு டி.ஜே. பெர்ன்ஸ்டைன் என்ற கணித அறிஞர் 1990ஆம் ஆண்டு வாக்கில் ஓர் எளிய உபாயம் கண்டார். நிரல் தனக்குத்தானே ஒரு குழாயை அமைத்துக்கொள்கிறது. வாசலையும் குழாயின் வாயையும் ஒரே நேரத்தில் கவனிக்கிறது. மூட வேண்டுமென்றால் குழாயில் ஓர் எழுத்தைப் போட்டால் போதும், நிரல் விழித்துக்கொள்ளும்.

இரண்டாவது, வாசல் வரிசை. தொடர்பு ஏற்பட்டுவிட்டது என்ற உறுதியைப் பெற்று, ஆனால் இன்னும் உள்ளே அழைக்கப்படாமல் நிற்பவர்கள் இருப்பார்கள் அல்லவா? வாயிலை மூடியதும் அவர்களுடைய தொடர்பு முரட்டுத்தனமாக அறுக்கப்படுகிறது. தார்ப் விபத்தில் கண்ட அதே ஓட்டப்பந்தயம்! ‘வா’ என்று சொல்லியாயிற்று. அவரும் புறப்பட்டு வந்துவிட்டார். பின்னாலேயே ‘வராதே’ என்கிறோம்.

மூன்றாவது, மாற்றுச் சாவி. யூனிக்ஸ் முறையில் ஒரு நிரல் தன்னைப்போல் ஒரு சேய் நிரலை உண்டாக்கும்போது, திறந்திருக்கும் சாக்கெட்டுகளும் அதற்குச் சொந்தமாகின்றன. தாய் நிரல் வாயிலை மூடினாலும், சேயிடம் மாற்றுச் சாவி இருக்கும்வரை வாயில் மூடாது. வருவோர் வந்து வரிசையில் நிற்பார்கள், அழைக்கத்தான் ஆளிருக்காது. ஒரு பாதைக்கு ஒரு தகடு மட்டுமே வெளியே இருக்கலாம் என்று டையர் வகுத்ததன் அருமை இங்கே விளங்குகிறது.

ஒழுங்காக மூடும் முறை

எனவே தேர்ந்த நிரலாளர்கள் பாம்பன் பாலத்தின் வரிசைமுறையையே பின்பற்றுகின்றனர்.

முதற்படி, கைகாட்டியை ஆபத்து நிலையில் வைப்பதற்கு முன் அடுத்த நிலையத்துக்குச் சொல்வது. பெரிய செர்வர்களுக்கு முன்னால், வருவோரைப் பல கணிப்பொறிகளுக்குப் பங்கிட்டு அனுப்பும் ஒரு கணிப்பொறி இருக்கும். ‘இனி எனக்கு ஆள் அனுப்பாதே’ என்று அதனிடம் முதலில் தெரிவித்து, அச்செய்தி போய்ச் சேரச் சில விநாடிகள் காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி, வரிசையில் ஏற்கனவே நிற்பவர்களை உள்ளே அழைத்துக்கொள்வது. அதன் பிறகு வாயில் சாக்கெட்டை மூடுவது.

மூன்றாம் படி, உள்ளே இருப்பவர்களின் வேலையை முடித்துக் கொடுப்பது. ஒவ்வொரு தொடர்பும் முடியும்போது இரு தரப்பும் முறையாக விடைபெறுகின்றன. ‘நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன்’ என்று ஒருவர் ‘ஃபின்’ என்ற செய்தியை அனுப்ப, மற்றவர் ‘கிடைத்தது’ என்பார். பிறகு அவரும் ‘ஃபின்’ அனுப்ப, இவரும் ‘கிடைத்தது’ என்பார். நான்கு செய்திகளில் விடைபெறுதல் நிறைவுறும்.

நான்காம் படி, கெடு. யாரோ ஒருவர் முடிக்காமல் இழுத்தடித்துக்கொண்டே இருந்தால் எவ்வளவு நேரம் பொறுப்பது? ‘குபர்நெட்டிஸ்’ என்ற இக்காலத்து மேலாண்மை முறையில், நிறுத்தும் ஆணை வந்த பின் வழக்கமாகத் தரப்படும் அவகாசம் 30 விநாடி. அதற்குள் முடிக்காத நிரலை அது வலிந்து கொன்றுவிடும்.

கடைசிச் சொல் யாருடையது?

இதிலும் ஒரு புதிர் ஒளிந்திருக்கிறது. பாலம் இல்லாத காலத்தில் மண்டபத்தில் ஒருவரும் பாம்பனில் ஒருவரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். செய்தி கொண்டுபோக ஒரு படகு மட்டுமே உண்டு; அது கவிழ்ந்தும் போகலாம். ‘நாளை இருவரும் கடையை மூடுவோம்’ என்று மண்டபத்தார் சொல்லியனுப்புகிறார். பாம்பன்காரர் ‘சரி’ என்கிறார். அந்தச் ‘சரி’ போய்ச் சேர்ந்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்? மண்டபத்தார் ‘உங்கள் சரி கிடைத்தது’ என்று சொல்ல வேண்டும். அது போய்ச் சேர்ந்ததா என்று இவருக்கு எப்படித் தெரியும்? இப்படியே எத்தனை படகு விட்டாலும் கடைசிச் செய்தியை அனுப்பியவருக்கு ஐயம் தீராது.

அக்கோயுன்லு, ஏகநாதம், ஹ்யூபர் என்ற மூவர் 1975இல் இச்சிக்கலை விளக்கினர். ‘இரு தளபதிகள்’ புதிர் என்ற பெயரை 1978இல் ஜிம் கிரே அளித்தார். நிச்சயமற்ற வழியில் செய்தி அனுப்பி முழு நிச்சயத்தை எட்ட முடியாது என்பதே அதன் முடிவு.

டி.சி.பி.யை வகுத்தவர்கள் இதை ஒரு கடிகாரத்தைக் கொண்டு சமாளித்தனர். முதலில் விடைபெற்றவர், தம் கடைசி ‘கிடைத்தது’ வழியில் தொலைந்திருக்கக்கூடும் என்பதற்காகச் சிறிது நேரம் அங்கேயே நிற்க வேண்டும். மறுமுனை மீண்டும் கேட்டால் மீண்டும் சொல்ல வேண்டும். வழிதவறி அலையும் பழைய செய்திகளும் அதற்குள் மடிந்துவிடும். 1981 ஆவணத்தின்படி இது 4 நிமிடம்; லினக்ஸில் 60 விநாடி. செர்வரை நிறுத்திய உடனே மறுபடி தொடங்கினால் ‘இந்த முகவரி ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது’ என்று கணிப்பொறி மறுப்பதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அது பழுதல்ல. போனவர்களை வழியனுப்ப வாசலில் நிற்பவர்களின் காவல் அது! காரணம் அறிந்து தளர்த்திக்கொள்ளத் தனி ஏற்பாடும் உண்டு.

மௌனம் சம்மதமா?

இவையெல்லாம் மூடுபவன் உயிரோடு இருக்கும்போது. செர்வர் ‘ஃபின்’ அனுப்பாமலே மின்தடையால் மடிந்துவிட்டால்? மறுமுனைக்கு ஒன்றும் தெரியாது. தொடர்பு இருப்பதாகவே எண்ணிக் காத்திருக்கும். இதைப் பாதி திறந்த தொடர்பு என்பர். ‘இருக்கிறாயா?’ என்று இடையிடையே கேட்டுப் பார்க்கும் வசதி டி.சி.பி.யில் உண்டு. ஆனால் வழக்கமான அமைப்பில், அது முதன்முறை கேட்பதற்கே இரண்டு மணி நேர மௌனம் கழிய வேண்டும்! ஆகவே நல்ல நிரலாளர்கள் தாமே குறுகிய கெடு வைத்துக்கொள்கின்றனர்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் பழமொழி. கம்பி வழியே பேசுவோருக்கு அது பொருந்தாது. கைகாட்டித் துறையில், சைகைக் கம்பி அறுந்தால் கை தானாகவே ஆபத்து நிலைக்குத் திரும்புமாறு அமைப்பது மரபு. பதில் இல்லையென்றால் ‘போ’ என்று பொருளாகாது. ‘நில்’ என்றுதான் பொருள். 1964இல் அந்த இரவில் நின்றிருந்தாலும் கடல் விட்டிருக்குமா என்பது வேறு கேள்வி. அந்த வண்டி பாம்பனை விட்டே கிளம்பாதிருந்தால் மட்டுமே அந்த 115 பேருக்கும் வாழ்வு இருந்திருக்கும். வாயிலை மூட வேண்டிய இடம் தனுஷ்கோடி அல்ல, பாம்பன்.

பாம்பன் பழைய பாலம் துருவால் நலிந்ததால் 2022 டிசம்பரில் அதில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. வண்டிகள் அக்கரையிலேயே நின்றுவிட, பயணிகள் 1988இல் திறந்த சாலைப் பாலம் வழியே இராமேசுவரம் சென்றனர். 2025 ஏப்ரல் 6ஆம் நாள், 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியோடு புதிய பாலம் திறக்கப்பட்டது. எவரும் பாலத்தின் நடுவில் விடப்படவில்லை.

அடுத்த முறை நீங்கள் இராமேசுவரம் செல்லும்போது, பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கில் வண்டி நின்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். மறுமுனையிலிருந்து ‘வரலாம்’ என்ற சொல் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.